வெளிப்படுத்தின விசேஷம் 18இல் வரும் சரக்குப் பட்டியலை எப்படி வாசிப்பது?

காட்பாடி ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நடக்கும் வேதபாட வகுப்பில், வருகிற வாரம், பாபிலோன் என்ற மகா நகரத்தின் அழிவைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பதினோராம் வசனத்திலிருந்து பதின்மூன்றாம் வசனம் வரை திரும்பத் திரும்ப வாசித்தேன். தீர்க்கதரிசனம் என்பதைவிட, மொத்த வியாபாரி எழுதிக் கொடுக்கும் சிட்டை போலத்தான் அந்தப் பகுதி எனக்குத் தெரிகிறது. பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, சல்லா என்ற மெல்லிய துணி, இரத்தாம்பரம் என்ற செவ்வூதாத் துணி, பட்டு என்று தொடங்குகிறது. பிறகு மரம், தந்தம், இரும்பு, இலவங்கப்பட்டை, சாம்பிராணி, எண்ணெய், மாவு, மாடு, ஆடு, குதிரை, இரதம் என்று நீண்டு, கடைசியில் அடிமைகளிலும் மனுஷருடைய ஆத்துமாக்களிலும் வந்து நிற்கிறது.

அண்மையில் நான் கலந்துகொண்ட ஒரு நற்செய்திக் கூட்டத்தில் பேசியவர், இந்தச் சரக்குகள் ஒவ்வொன்றும் ஒரு மறைபொருள் என்றார். இரதம் என்றால் இன்றைய மோட்டார் வாகனம், பட்டு என்றால் சினிமா நாகரிகம், வாசனைத் திரவியம் என்றால் போலிப் போதனை, பாபிலோன் என்றால் இன்ன தேசத்து இன்ன நகரம் என்று ஒன்றுவிடாமல் பொருத்திக் காட்டினார். கேட்பதற்குச் சுவையாக இருந்தாலும் என் மனம் ஒப்பவில்லை. ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்குப் பட்டு என்றால் முதலில் பட்டாகத்தான் படுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் அண்ணன் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறார். வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிக் குடும்பங்கள் தோலையும் காலணியையும் நம்பி வாழ்பவை. போன வாரம் ஒரு பெரியம்மா என்னிடம், "ஏம்மா, கப்பல்ல சரக்கு ஏத்தறவங்க எல்லாம் அழுவாங்கன்னு போட்டிருக்குதே, அது நம்ம பிள்ளைங்களையா சொல்லுது?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பொருள்கள் அந்தக் காலத்தில் உண்மையிலேயே விற்கப்பட்டவைதானா, இதை எழுதிய யோவான் இவற்றை ஏன் இவ்வளவு நுணுக்கமாக எண்ணிச் சொல்கிறார், வியாபாரம் செய்வதையே வேதம் குற்றமாகக் கருதுகிறதா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

வாலாஜா வாத்தியார் எழுதியது:

அம்மா, நான் வேதசாஸ்திரம் படித்தவன் அல்லன். பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகையால் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் இருப்பவை அனைத்தும், யோவான் பாபிலோன் என்று மறைமுகமாகக் குறிக்கும் ரோமாபுரிக்கு முதல் நூற்றாண்டில் கப்பலில் வந்து இறங்கிய சரக்குகள்தாம். யோவான் எதையும் கற்பனை செய்யத் தேவையிருக்கவில்லை. ஆசியா மாகாணத்தின் (இன்றைய மேற்குத் துருக்கி) கடற்கரையில் நின்று துறைமுகத்தைப் பார்த்தாலே போதும்.

அவற்றுள் சிலவற்றின் விலையைச் சொன்னால் வகுப்பில் விளங்கும். "சகலவித வாசனைக் கட்டைகள்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் படித்தவுடன், நம் பக்கத்து ஆட்களுக்கு ஜவ்வாது மலைச் சந்தனமும் திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கும்தான் நினைவுக்கு வரும். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் மூலத்தில் சொல்லப்பட்ட மரம் வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைப் பகுதியிலிருந்து வந்தது. வாசனைக்காக மட்டுமல்ல, வெட்டினால் தெரியும் அழகிய ரேகைகளுக்காகவும் அதை மேசைப் பலகைக்கு விரும்பி வாங்கினார்கள். சிசரோ அப்படிப்பட்ட ஒரு மேசைக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியம். தெனாரியம் என்பது நம் வேதாகமத்தில் "பணம்" என்று வருவது, திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு ஒரு நாள் கூலி. கணக்கைப் பிள்ளைகளிடமே போடச் சொல்லுங்கள்: ஒரு மேசையின் விலை, ஒரு கூலியாளின் 1,25,000 நாள் உழைப்பு.

இரத்தாம்பரத்தின் கதை இன்னும் நுட்பமானது. அந்தச் சாயம் மத்தியதரைக் கடலில் கிடைக்கும் ஒருவகைச் சங்கு நத்தையின் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. 1909ஆம் ஆண்டில் ஒரு வேதியியலறிஞர் அதைச் சோதிக்க 12,000 நத்தைகளைப் பயன்படுத்தினார். அவருக்குக் கிடைத்த தூய சாயம் 1.4 கிராம். கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில், இந்தச் சாயமிட்ட பட்டு ஒரு ராத்தலுக்கு 1,50,000 தெனாரியம் என்று இருக்கிறது. அதற்குள் பணத்தின் மதிப்பு வெகுவாகச் சரிந்துவிட்டது என்றாலும், அதே ஆணையில் உள்ள மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு எட்டாத உயரம் என்பது புரியும்.

நம் தென்னாட்டுக்கும் இந்தப் பட்டியலில் பங்கு உண்டு. ஆனால் மேடைகளில் சொல்லப்படுவதுபோல மிளகு அதில் இல்லை. ரோமர்கள் மிளகுக்குத் தனிக் கிடங்கே கட்டியிருந்தார்கள். ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியத்துக்கு விற்றது. செங்கடற்கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, இந்தியச் சாடி ஒன்றில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. இவ்வளவு புழங்கிய மிளகை யோவான் சொல்லவில்லை. வேதாகமம் முழுவதிலுமே அந்தச் சொல் வருவதில்லை. ஆகவே "நம் மிளகு வேதத்தில் இருக்கிறது" என்று யாராவது பெருமைப்பட்டால், பணிவோடு திருத்திவிடுங்கள்.

நமக்கு நேராகத் தொடர்புள்ளது முத்து. மன்னார் வளைகுடா முத்தை ரோமாபுரியின் சீமாட்டிகள் காதிலும் கழுத்திலும் அணிந்தார்கள். லோலியா பௌலினா என்ற பெண்மணி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் பெறுமான முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தாமே பார்த்ததாகப் பிளினி எழுதுகிறார். அதே நூற்றாண்டில் செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வந்துபோன கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த வழிகாட்டிக் குறிப்பில், கொற்கை முத்துக்குளித்துறையில் மூழ்கி முத்தெடுப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து செல்கிறார். கொற்கை முத்தை நம் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள், நாமும் வகுப்பில் பெருமையாக நடத்தியிருக்கிறோம். அந்த ஒற்றை வரியைப் படித்த பிறகு என்னால் பழையபடி நடத்த முடியவில்லை. பட்டியலில் நான்காவதாக வரும் முத்துக்கும் கடைசியில் வரும் மனித ஆத்துமாவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் சரக்குப் பிரிவு எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கப்பல் ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிறப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து அனுப்புவதிலேயே என் நாள் போய்விடும். ஒரு பெட்டியின் எண்ணிக்கை பிசகினாலும் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் நின்றுவிடும் என்பதால், பட்டியல் என்று எதைப் பார்த்தாலும் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்றுதான் என் கண் தேடும்.

அந்தப் பழக்கத்தால் ஒன்றைக் கவனித்தேன். எசேக்கியேல் 27இல் தீரு என்ற பழைய துறைமுகப் பட்டணத்தின் வியாபாரத்தைப் பற்றி இதைவிட நீளமான பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஊர் இருக்கிறது. தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். தொகர்மாவிலிருந்து குதிரைகளும் கோவேறு கழுதைகளும். தேதானிலிருந்து தந்தமும் கருங்காலியும். தமஸ்குவிலிருந்து திராட்சரசமும் வெள்ளை ஆட்டுமயிரும். சேபாவிலிருந்து உயர்ந்த வாசனைச் சரக்குகளும் இரத்தினக் கற்களும் பொன்னும். எந்த நாட்டார், எந்தப் பொருள், யாரோடு வியாபாரம் என்று ஒரு நல்ல குமாஸ்தா எழுதியதுபோல எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. நம் வீட்டில் கைக்குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் வசம்புகூட அந்தப் பட்டியலில் வருவதைப் பார்த்து என் மனைவி வியந்துபோனாள். பதினேழாம் வசனத்தில் யூதரும் இஸ்ரவேலரும்கூடத் தீருவுக்குக் கோதுமையும் தேனும் எண்ணெயும் அனுப்பியவர்களாக இருக்கிறார்கள். கர்த்தருடைய ஜனங்களின் பெயரும் அந்தக் கணக்கேட்டில் விடுபடவில்லை.

வெளிப்படுத்தின விசேஷம் 18க்கு வந்தால் அந்தக் கட்டம் முழுவதும் காலி. பொன் எங்கேயிருந்து வந்தது, தந்தம் யாருடைய காட்டிலிருந்து வந்தது, மாவுக்கான கோதுமையை யார் விளைவித்தார்கள் என்பதற்கு ஓர் ஊர்ப் பெயர்கூட இல்லை. எசேக்கியேல் எழுதியது அனுப்புகிறவர்களின் பட்டியல். யோவான் எழுதியது வாங்குகிறவளின் பட்டியல் என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்குகிறவளுக்குச் சரக்கு வந்து சேர்ந்தால் போதும், எங்கேயிருந்து வந்தது என்ற கவலை கிடையாது. அந்த மறதியைக் காட்டுவதற்காகவே ஊர்ப் பெயர்களை யோவான் வேண்டுமென்று விட்டிருப்பாரோ என்று யோசிக்கிறேன். வேதம் படித்தவர்கள் இது சரியா என்று சொல்ல வேண்டும்.

பெரியம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஆமோஸ் 2:6 எனக்கு எப்போதும் உறுத்தும் வசனம். எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றுப்போட்டார்கள் என்று அங்கே வருகிறது. நாங்கள் நாள் முழுவதும் ஜோடிக் கணக்கில்தான் எண்ணுகிறோம். பெட்டிக்குப் பத்து ஜோடி என்று லேபிள் ஒட்டும்போது அந்த வசனம் நினைவுக்கு வந்தால் கை சற்றுத் தயங்கும்.

ஆற்காட்டான் எழுதியது:

சரக்குகள் உண்மையானவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தீர்க்கதரிசனத்தை வரலாற்றுப் பாடமாக மட்டும் சுருக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோமாபுரி வீழ்ந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதிகாரம் ரோமாபுரியோடு முடிந்துபோயிற்று என்றால் இன்று நாம் அதை ஏன் வாசிக்க வேண்டும்? பாபிலோன் என்ற பெயரே மறைபொருளாக இருக்கும்போது, அதற்குள் இருக்கும் பொருள்களுக்கு மட்டும் மறைபொருள் கூடாது என்று சொல்வது எந்த நியாயம்? கூட்டத்தில் பேசியவர் சில இடங்களில் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் "என் ஜனங்களே, அவளைவிட்டு வெளியே வாருங்கள்" என்ற அழைப்பு நமக்கும் உரியது என்பதை அவர் மறக்காமல் சொன்னாரே, அதை ஆசிரியை அம்மாவும் மறக்கக் கூடாது.

குடியாத்தம் ஆயர் எழுதியது:

சகோதரர் ஆற்காட்டான் கேட்டது நியாயமான கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். அதிகாரம் நமக்கு உரியதுதான். ஆனால் எந்த வழியாக நமக்கு வந்து சேருகிறது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். யோவான் ரோமாபுரிக்குப் பாபிலோன் என்று பெயர் வைத்தபோது, பழைய தீர்க்கதரிசிகள் பாபிலோனையும் தீருவையும் பற்றிச் சொன்ன வார்த்தைகளை எடுத்துத் தம் காலத்து நகரத்தின்மேல் போட்டுக் காட்டினார். அந்த வார்த்தைகள் அவருக்குப் பயன்பட்டதற்குக் காரணம், அவை உண்மையான நகரங்களையும் உண்மையான சரக்குகளையும் பற்றிப் பேசியதுதான். பட்டைச் சினிமா என்று மாற்றிவிட்டால், பட்டை விற்றவனும் நெய்தவனும் உடுத்தினவளும் பாடத்திலிருந்து மறைந்துவிடுகிறார்கள். மீந்திருப்பது நமக்கு ஏற்கெனவே பிடிக்காத ஏதாவது ஒன்றைத் திட்டுவதற்கான வசதி மட்டும்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் பாபிலோன் எது என்று விரல் நீட்டினவர்கள் தாங்கள் குடியிருந்த ஊரை நோக்கி நீட்டியதாக நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆம்பூர்ச் சகோதரர் கவனித்த காலிக் கட்டம் மிக நல்ல கவனிப்பு. நான் பலமுறை இந்த அதிகாரத்தைப் பிரசங்கித்தும் எனக்கு அது தோன்றவில்லை. அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலின் கடைசி வரியில் நம் மொழிபெயர்ப்பு "அடிமைகள்" என்று சொல்லும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் "சரீரங்கள்" என்பதுதான். அது யோவானுடைய சொல் அன்று, சந்தையின் சொல். அடிமைச் சந்தையில் ஆட்களை இத்தனை சரீரம் என்று எண்ணி விற்றார்கள். அந்தச் சந்தைச் சொல்லை எழுதிய கையோடு "மனுஷருடைய ஆத்துமாக்கள்" என்று யோவான் தொடர்கிறார். அதாவது, நீங்கள் சரீரம் என்று எழுதிக்கொள்வது மனித உயிரை என்று கணக்கேட்டின் ஓரத்தில் திருத்தி எழுதுகிறார். அந்தச் சொற்றொடரும் அவர் புதிதாக உண்டாக்கியது அல்ல. எசேக்கியேல் 27:13இல் யாவானும் தூபாலும் மேசேக்கும் தீருவுக்குக் கொண்டுவந்ததாக நாம் "மனுஷர்களையும் வெண்கலப் பாத்திரங்களையும்" என்று வாசிக்கிறோமே, அங்கே எபிரெயத்தில் இருப்பதும் மனித ஆத்துமா என்றே பொருள்படும். தமிழில் இரண்டு இடங்களிலும் வெவ்வேறு சொற்கள் வந்ததால் அந்தத் தொடர்பு நம் காதில் விழாமல் போயிற்று. எசேக்கியேல் நடுவில் வைத்ததை யோவான் எடுத்துக் கடைசியில் வைத்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பில் மறைந்துபோன வேறு இரண்டு இடங்களும் உங்கள் வகுப்புக்கு உதவும். எசேக்கியேல் 27இல் தீரு பட்டணமே ஒரு கப்பலாக வருணிக்கப்படுகிறது. செனீரின் தேவதாருப் பலகை, லீபனோனின் கேதுருப் பாய்மரம், பாசானின் கர்வாலித் துடுப்பு, எகிப்தின் சணல்நூல் பாய் என்று அதைக் கட்டிய மரமும் துணியும் ஊர் ஊராகச் சொல்லப்படுகின்றன. இருபத்தைந்தாம் வசனத்தில் அந்தக் கப்பல் நடுச்சமுத்திரத்தில் தன்னை "மகிமைப்படுத்தியது" என்று நம் வேதாகமம் சொல்கிறது. எபிரெயத்தில் மகிமைக்கும் பாரத்துக்கும் ஒரே வேர்ச்சொல். கப்பல் மகிமையடைந்தது என்றும் வாசிக்கலாம், அளவுக்குமேல் பாரமேறியது என்றும் வாசிக்கலாம்; தீர்க்கதரிசி இரண்டையும் நினைத்தே அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். அடுத்த வசனத்திலேயே கொண்டல்காற்று வந்து அதை உடைக்கிறது. எந்தச் சரக்கால் அது மகிமையடைந்ததோ அந்தச் சரக்கின் பாரத்தோடேயே மூழ்குகிறது. கண்டெய்னர் ஏற்றுகிற ஆம்பூர்ச் சகோதரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று சல்லா. எங்கள் குடியாத்தத்தில் கைத்தறி நெய்கிறவர்கள் மெல்லிய துணியைப் பற்றி நிறையச் சொல்வார்கள், ஆகவே எனக்கு இதில் தனி அக்கறை. 18ஆம் அதிகாரத்தில் அந்த மகா நகரம் சல்லாவும் இரத்தாம்பரமும் சிவப்பாடையும் தரித்திருக்கிறாள். அடுத்த அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் ஆட்டுக்குட்டியானவரின் மணவாட்டிக்குத் தரித்துக்கொள்ள "சுத்தமும் பிரகாசமுமான மெல்லிய வஸ்திரம்" அளிக்கப்படுகிறது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே துணி. இரத்தாம்பரமும் சிவப்பாடையும் போய்விட்டன. சல்லா மட்டும் மணவாட்டியிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் "பரிசுத்தவான்களுடைய நீதிகளே" என்ற விளக்கத்தோடு. முத்தும் பொன்னும் அப்படித்தான். 21ஆம் அதிகாரத்தில் அவை புதிய எருசலேமின் வாசல்களாகவும் வீதியாகவும் திரும்பி வருகின்றன. ஒருத்தியின் காதில் தொங்கிய முத்து, எல்லாரும் நுழைகிற வாசலாகிவிட்டது. ஆகையால் பொருள்கள் தம்மளவில் அசுத்தம் என்ற முடிவுக்கு நம்மால் வர முடியாது.

வியாபாரம் குற்றமா என்ற கேள்விக்கு ஏசாயா 23ஐ வாசித்துக் காட்டுங்கள். தீருவுக்கு எதிரான அந்தப் பாரமான வார்த்தை, அவளுடைய வியாபாரம் ஒழிந்துபோகும் என்று முடியவில்லை. அவளுடைய ஆதாயம் இனிச் சேர்த்துவைக்கப்படுவதும் பூட்டிவைக்கப்படுவதும் இல்லாமல், கர்த்தருடைய சமுகத்தில் வாசமாயிருக்கிறவர்கள் திருப்தியாகச் சாப்பிடவும் நல்ல வஸ்திரம் தரிக்கவும் உதவும் என்று கடைசி வசனம் சொல்கிறது. எசேக்கியேல் 28:16 குற்றத்தையும் பெயர் சொல்லியே குறிக்கிறது: வியாபாரத்தின் மிகுதியால் தீருவின் ராஜாவுக்குள் கொடுமை நிறைந்தது.

பெரியம்மாவுக்கு நீங்கள் இப்படிச் சொல்லலாம் என்பது என் எண்ணம். அந்த அதிகாரத்தில் அழுகிறவர்கள் ராஜாக்கள், வர்த்தகர், கப்பற்காரர் ஆகிய மூன்று கூட்டத்தார். வர்த்தகர் ஏன் அழுகிறார்கள் என்று 11ஆம் வசனம் ஒளிக்காமல் சொல்கிறது: இனித் தங்கள் சரக்கை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்பதற்காக. வெந்து அழிகிற நகரத்துக்காகவோ, அதில் இருந்தவர்களுக்காகவோ ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. அவர்கள் தூரத்தில் நின்றுகொண்டுதான் அழுகிறார்கள். ஆனால் 22ஆம் வசனத்தில் தொழிலாளியும் எந்திரக் கல்லின் சத்தமும் வாத்தியக்காரரின் ஓசையும் இனி இல்லாமற்போகும் என்று வரும்போது, குரல் மாறிவிடுகிறது. அது இழப்பைச் சொல்லும் குரல். பூமியின் பெரியோராயிருந்த வர்த்தகரையும், கையால் தொழில் செய்து பிழைத்தவனையும் அந்த அதிகாரம் ஒரே தட்டில் வைக்கவில்லை. பெரியம்மாவின் பிள்ளைகள் எந்தப் பக்கம் என்பது அவருக்கே தெரியும்.

அதற்காக நம் மாவட்டத்துத் தொழிலுக்கு ஒரு கேள்வியும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தோல் கழிவு கலந்த பாலாற்று வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நம் காலணிப் பெட்டியின் லேபிளில் ஊர்ப் பெயர் இருக்கும். ஆற்றங்கரைக் கிணற்றின் பெயர் எந்தக் கட்டத்திலும் இருக்காது. இதை வகுப்பில் பேசும்போது யாரையும் சுட்டாமல் பேசுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் இருப்பார்கள், அந்த வேலையில் சம்பளம் வாங்கியவர்களும் இருப்பார்கள். பெரும்பாலும் இருவரும் ஒருவரே.

காட்பாடி ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்டது ஒரு குவளைத் தண்ணீர்; கிடைத்தது ஒரு குடம். ஆற்காட்டு ஐயாவின் எச்சரிக்கையையும் மனத்தில் வைத்துக்கொள்கிறேன். "வெளியே வாருங்கள்" என்ற வசனத்தை விட்டுவிட்டு இந்த அதிகாரத்தை நடத்த முடியாது.

வகுப்பை இப்படி நடத்தலாம் என்று எண்ணியிருக்கிறேன். கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைந்து, இடப்பக்கம் எசேக்கியேலின் சரக்குகளையும் வலப்பக்கம் யோவானின் சரக்குகளையும் வகுப்பினரையே சொல்லச் சொல்லி எழுதுவேன். பிறகு ஊர்ப் பெயர்களை நிரப்பச் சொல்வேன். வலப்பக்கம் காலியாக நிற்பதை அவர்களே பார்க்கட்டும். வீட்டிலிருந்து கொஞ்சம் இலவங்கப்பட்டையும் சாம்பிராணியும் வசம்பும் கொண்டுபோய்ச் சுற்றிலும் கொடுத்து முகரச் சொல்லலாம் என்றும் நினைக்கிறேன். முத்துக்குளித்த கைதிகளைப் பற்றி வாத்தியார் ஐயா எழுதியதைக் கடைசியில் சொல்வேன்.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. சில விளக்கவுரைகளில் சரக்குகள் 28 என்று இருக்கிறது. நான் எண்ணினால் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. ஆம்பூர்த் தம்பிதான் எண்ணிக்கை பிசகக் கூடாது என்கிறவர். அவர் பார்த்துச் சொன்னால் நல்லது.

ஆம்பூர் சரக்குப் பிரிவு எழுதியது:

அக்கா, மதிய இடைவேளையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, ஆயர் ஐயாவிடமும் கேட்டுக்கொண்டேன். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இலவங்கப்பட்டைக்கு அடுத்து "அமோமும்" என்ற வாசனைச் சரக்கு ஒன்று இருக்கிறதாம். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது இல்லை. அதைச் சேர்த்து, மரச் சாமான், வெண்கலம், இரும்பு, வெள்ளைக்கல் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணினால் இரதங்கள் வரை 27 வருகிறது. அதற்குப் பிறகு "சரீரங்கள்", "மனுஷருடைய ஆத்துமாக்கள்" என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் போட்டால் 29. இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரே வரியாகப் போட்டால் 28. நான்கு திசைக்கு ஏழு ஏழாக 28 என்று சிலர் விளக்கம் சொல்வதாகவும் ஆயர் கூறினார். சந்தைக்காரன் கணக்கில் ஒன்றும், யோவான் கணக்கில் ஒன்றும் என்று நீங்கள் பலகையில் இரண்டு வரியாகவே எழுதி, நடுவில் ஒரு சமக்குறி போட்டுவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் பயன்படாமல் கிடக்கும் வெற்றுப் பேக்கிங் லிஸ்ட் படிவங்கள் கொஞ்சம் இருக்கின்றன. பிறப்பிட நாட்டுக்கான கட்டம் அதில் பெரிதாகவே இருக்கும். வேண்டுமானால் வியாழக்கிழமை மாலைக்குள் காட்பாடி ரயில் நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.